மூக்குப்பேணியும் சிரட்டையும்: யாழ்ப்பாணத்துப் புழங்குபொருள்களும் ஈழத்து எழுத்தும்

'பொருள்' என்னும் சொல் தமிழில் ஏககாலத்தில் மூன்றினைக் குறிப்பது. கையாற் பற்றத்தக்க வஸ்து பொருள், சொல்லின் அர்த்தம் பொருள், செல்வமும் பொருளே. தொல்காப்பியத்தின் மூன்றாம் அதிகாரமும் திருக்குறளின் இரண்டாம் பாலும் இச்சொல்லையே தலைப்பிற் கொண்டுள்ளன. ஆயினும் இரண்டும் ஒன்றனையே கருதவில்லை. மார்க்சியத் தத்துவத்தைத் தமிழாக்கியோர் 'பொருள்முதல்வாதம்' என்ற தொடரை அமைத்தபோது இச்சொல்லின் கிளைகள் யாவற்றையும் எண்ணிப்பார்த்தனரா என்பது வேறு விடயம். ஒரு வஸ்து எவ்வாறு அர்த்தம் பெறுகிறது, அந்த அர்த்தம் யாருடைய செல்வமாகிறது என்ற வினாக்களை நமது மொழி ஒரு சொல்லிலேயே முடிந்து வைத்திருக்கிறது என்பது மட்டும் உறுதி.

இவ்வினா புதியதன்று. அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார் அவனது படைக்கலக் கொட்டிலைக் கண்டு பாடியதாகப் புறநானூற்றுச் செய்யுள் ஒன்று (95) உள்ளது. தொண்டைமானின் வேல்கள் பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசப்பெற்றுக் காவலுடன் இருக்கின்றன. அதியமானுடைய வேல்களோ நுனி முறிந்து கொல்லனின் சிறு கொட்டிலிற் கிடக்கின்றன. புகழ்வதுபோலப் பழிக்கும் இச்செய்யுளின் நயத்தைப் பாடநூல்கள் விதந்தோதி வந்துள்ளன. எமக்கு இங்கு வேண்டுவது வேறொன்று. பாதுகாக்கப்பட்ட பொருள் பயன்படுத்தப்பட்ட பொருளின் வரலாற்றைச் சொல்லாது என்பதை அம்மூதாட்டி கண்டிருந்தார். துலக்கம் ஓர் ஆதாரமன்று. சிலவேளைகளில் அது ஆதாரத்தின் இன்மையே.

அண்மைக் காலத்தில் யாழ்ப்பாணத்துப் புழங்குபொருள்கள் பற்றிய எழுத்து பெருகியுள்ளது. நூல்கள், ஊர் மலர்கள், புலம்பெயர்ந்தோரின் நினைவுக் குறிப்புகள் ஆகியவற்றில் அம்மி, ஆட்டுக்கல், குத்துவிளக்கு, பனையோலைப் பெட்டி என ஒவ்வொன்றும் உருக்கத்தோடு விவரிக்கப்படுகின்றது. போராலும் இடப்பெயர்வாலும் வீடிழந்த ஒரு சமூகம் தன் வீட்டுப் பொருள்களை எழுத்தில் மீளக் கட்டியெழுப்ப முனைவது இயல்பே. அதனை நாம் எள்ளி நகையாடவில்லை. எனினும், இவ்வெழுத்துகளில் எப்பொருள்கள் திரும்பத் திரும்ப வருகின்றன, எவை வருவதேயில்லை என்று கணக்கெடுப்பின், நினைவுக்கும் உடைமைக்கும் இடையிலுள்ள உறவு புலப்படத் தொடங்கும். அதிகமாக வருவது மூக்குப்பேணி. வராதது சிரட்டை.

மூக்குப்பேணியை அறியாத யாழ்ப்பாணத்தவர் இலர். இளந்தலைமுறையினர் படத்திலேனும் கண்டிருப்பர். பித்தளையாலோ வெண்கலத்தாலோ ஆனது. அடியில் ஒரு தாங்கு, நடுவில் ஒடுக்கம், மேலே அகன்ற வாய், விளிம்பின் ஒரு புறத்தே கொக்கின் அலகினை ஒத்த சிறு மூக்கு. குடிப்பவர் அதனை உதட்டிற் படாது உயர்த்தி, அண்ணாந்து, மூக்கின் வழியே ஒழுகும் தேநீரையோ மோரையோ வாயில் ஏற்பர். புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கினால் தங்கம்போல ஒளிரும். வந்தவருக்கு முதலில் நீட்டப்படுவது இதுவேயாதலின், இதனை விருந்தோம்பலின் சின்னம் என எழுதுவது வழக்கமாகிவிட்டது.

இப்பாத்திரத்தின் வடிவமைப்பு உண்மையில் வியக்கத்தக்கது. எச்சில் பற்றிய ஒரு சமூக விதி இங்கு உலோகத்தில் வார்க்கப்பட்டுள்ளது. ஒரே பாத்திரத்தைப் பலர் பயன்படுத்தலாம். ஒருவரின் எச்சில் மற்றொருவரைத் தீண்டாது. மூக்கின் தொழில் அதுவே. அவ்வாறாயின் ஒரு கேள்வி எழுகின்றது. உதடே படாத பாத்திரம், பஞ்சமர் எனப்பட்ட ஐந்து சாதியினரின் கையில் ஏன் கொடுக்கப்படவில்லை? எச்சிலே காரணமெனின், எவரும் அச்சமின்றி எவருக்கும் கொடுக்கத்தக்க பாத்திரம் இதனிலும் சிறந்ததொன்று உண்டோ? தீட்டு வாயிலன்று, பாத்திரத்தைப் பற்றும் கையிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. அதாவது, வயலில் இறங்கிய கை, பனையில் ஏறிய கை, துணி வெளுத்த கை, மயிர் மழித்த கை, பறை முழக்கிய கை. உழைப்பின் கையையே இப்பாத்திரம் விலக்கியது. சுத்தம் பற்றிய நியாயங்கள் அனைத்தையும் மறுக்கும் சான்று அச்சுத்தத்திற்கெனவே வார்க்கப்பட்ட பாத்திரத்தில் இருப்பது வரலாற்றின் நகைமுரண்.

அக்கைகளுக்கு வழங்கப்பட்டவை வேறு. வேலியிலோ கொட்டிற் செத்தையிலோ செருகி வைக்கப்பட்டிருந்த சிரட்டை. பனையோலையை மடித்துக் கோலிய பிளா. இவை எவையும் இல்லாதவிடத்து, மேலிருந்து ஊற்றப்படும் நீரை ஏந்தக் குவிந்த இரு உள்ளங்கைகள். தேநீர்க் கடைகள் தோன்றிய பின்னர், ஒடுக்கப்பட்டோருக்கெனப் புறம்பாக வைக்கப்பட்ட தகரப் பேணியும் வெறும் போத்தலும் இவ்வரிசையிற் சேர்ந்தன. பிளாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். ஒடியற்கூழ் குடிக்கும்போது அது எல்லோர் கையிலும் இருந்தது, கள்ளுக்கொட்டிலிலும் அவ்வாறே. ஆகவே பொருளில் இழிவு இருக்கவில்லை. விரும்பி ஏந்துபவன் கையில் பிளா சுவை. வேறெதுவும் மறுக்கப்பட்டவன் கையில் அதே பிளா தண்டனை. பொருளின் பொருள் பொருளுக்குள் இல்லை என்பதற்கு இதனிலும் எளிய விளக்கம் வேண்டியதில்லை.

மார்க்சை இவ்விடத்தில் நினைவுகூர்வது பொருந்தும். 1852 பெப்ரவரியில், தம் மேலங்கிகள் அடகுக் கடையில் இருப்பதால் வெளியே செல்ல இயலவில்லை என்று அவர் எங்கெல்சுக்கு எழுதினார். பதினைந்து ஆண்டுகளின் பின், 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதற் பாகத்தின் முதலாம் அத்தியாயத்தில், இருபது யார் லினன் துணிக்கு ஒரு மேலங்கி சமம் என்ற உதாரணத்தை வைத்தே பண்டத்தின் மாயத்தன்மையை அவிழ்க்கிறார். மனிதருக்கிடையிலான உறவு பண்டங்களுக்கிடையிலான உறவாகத் தோற்றம் தருகிறது என்பது அவ்வத்தியாயத்தின் சாரம். குளிருக்குப் போர்த்தும் அங்கி, அடகுச் சீட்டாகும் அங்கி, மதிப்பின் வடிவமாகும் அங்கி ஆகிய மூன்றையும் அவர் தம் உடலில் அறிந்திருந்தார். யாழ்ப்பாணத்துப் பேணியும் சிரட்டையும் சந்தைப் பண்டங்களுக்குரிய மாயத்தைக் கொண்டவையல்ல. நிலவுடைமையும் சாதியும் பின்னிய உறவின் சின்னங்கள் அவை. அங்கே சந்தை மறைத்ததை இங்கே சடங்கு மறைத்தது. இவ்வேறுபாட்டைப் புறக்கணித்து, ஐரோப்பியச் சூத்திரத்தை அப்படியே ஒட்டவைக்கும் போக்கு நம்மவரிடையே இருந்ததுண்டு. அது பயன் தரவில்லை.

இனி, ஆவணங்களை நோக்குவோம். ஒல்லாந்தர் காலத்தில், 1706ஆம் ஆண்டளவில் கிளாஸ் ஐசாக்சினால் தொகுக்கப்பெற்ற தேசவழமை, முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்துகளை வகுத்து விதி கூறுகின்றது. நிலம், நகை, கால்நடை ஆகியவற்றோடு அடிமைகளும் அதில் உடைமைகளாகவே இடம்பெறுகின்றனர். 1844இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை மனிதர் சிலர் பொருளாகவே எழுதப்பட்டனர் என்பது இதன் கருத்து. எழுத்து இங்கே உடையவனின் கையில் இருந்தது; உடைமையாகக் கருதப்பட்டோரின் உடைமைகளை எழுதவேண்டிய தேவை அதற்கு எழவில்லை. பித்தளை உறுதியிலும் இருந்தது, பெட்டகத்திலும் இருந்தது. சிரட்டை இரண்டிலும் இல்லை. பயன் முடிந்தபின் அடுப்பில் எரிந்தது. பிளா ஒரு வேளை ஆயுளுடையது. தகரப் பேணி துருப்பிடித்தது. ஆகவே, எஞ்சிய பொருள்களைக் கொண்டு ஒரு சமூகத்தின் நாளாந்த வாழ்வை எழுத முற்படும் ஆய்வாளன், தன்னை அறியாமலே உடையவர்களின் வரலாற்றை எழுதிவிடுகிறான். காட்சிச்சாலையின் கண்ணாடிப் பெட்டி நடுநிலையானதன்று. உலோகத்தின் ஆயுள் அதற்கு வர்க்கச் சார்பினைத் தந்துவிடுகிறது.

எஞ்சாத பொருள்களின் காட்சிச்சாலை எது? கதையே அது என்பது எமது கருத்து. முதலில் வாய்மொழிக் கதை, பின்னர் எழுத்து.

1954இல் தோன்றிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தைச் சார்ந்தும் அதன் சூழலிலும் எழுதியோரின் ஆக்கங்களை இந்நோக்கில் மீள வாசித்தல் அவசியம். அறுபதுகளின் முற்பகுதியில் அவர்களுக்கெதிராக எழுப்பப்பட்ட 'இழிசனர் வழக்கு' என்ற குற்றச்சாட்டு பெரும்பாலும் மொழிநடை பற்றிய விவாதமாகவே இலக்கிய வரலாறுகளிற் பதியப்பட்டுள்ளது. மரபுக் காவலர்களுக்கு உறுத்தியது வினைமுற்றின் விகுதி மட்டுமா? பேச்சுமொழியோடு கூடவே சிரட்டையும் பிளாவும் துலாக்கொடியும் சவரக்கத்தியும் இலக்கியத்தின் முன் விறாந்தைக்குள் நுழைந்துவிட்டன. சொல்லைத் தடுப்பதன் மூலம் அச்சொல் சுட்டும் பொருளையும், அப்பொருளைப் பிடித்த கையையும் வெளியே நிறுத்துவதே அவ்விவாதத்தின் உள்ளீடு. கிணற்றுக் கட்டில் நின்ற காவலும் இலக்கண நூலுக்கு நின்ற காவலும் ஒரே வளவுக்குரியவை.

என். கே. ரகுநாதனின் 'நிலவிலே பேசுவோம்' இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. மேடையில் சமத்துவம் பேசும் ஒருவர், தம் வீடு தேடி வந்த ஒடுக்கப்பட்டோரை உள்ளே அழைத்து இருத்த மனமின்றி, நிலவு நன்றாக இருக்கிறது, வெளியே பேசுவோம் என முற்றத்திற்கு அழைத்துச் செல்கிறார். கதையின் மையப் பொருள் நிலவன்று. உள்ளே வெறுமையாய்க் கிடக்கும் கதிரை. ஒருவரும் அமராத கதிரை ஒன்று ஒரு முழு மனிதனின் போலித்தனத்தையும் தாங்குகிறது. ஆசிரியர் அதனை வருணிப்பதன் மூலமன்றி, தவிர்ப்பதன் மூலமே சாதிக்கிறார். தமிழ்க் கவிஞர் நெடுங்காலமாகப் போற்றிய நிலவினை ஒரு சாக்காக மாற்றிக் காட்டியது சாதாரண சாதனையன்று.

கே. டானியலின் வழி வேறு. 1972இல் வெளிவந்த 'பஞ்சமர்' முதலாக அவர் எழுதிய நாவல்கள் தகவற் பெருக்கத்தால் தளர்ந்துள்ளன என்று சொல்லப்படுவதுண்டு. கட்டுக்கோப்பு நோக்கில் அக்குற்றச்சாட்டில் ஓரளவு நியாயம் உண்டென்பதை நாமும் ஏற்கிறோம். பாத்திரங்கள் சில சொல்லப்படுகின்றனவேயன்றி வாழவில்லை. ஆனால் அத்தகவல்களை வேறெங்கு தேடுவது? யார் எங்கு நிற்கலாம், எதில் ஏந்திக் குடிக்கலாம், சால்வையை எங்கு கட்டவேண்டும், கிணற்றடியில் எவ்வளவு நேரம் காத்திருக்கவேண்டும் என்பனவற்றை எந்த உறுதியும் எந்த நிருவாக அறிக்கையும் இத்துணை நுணுக்கமாகப் பதிந்து வைக்கவில்லை. 'தண்ணீர்' என்ற அவரது நாவலின் தலைப்பே போதும். அள்ளும் உரிமை இல்லாதவனுக்கு நீரும் ஓர் உடைமைப் பொருள். டானியலை நாவலாசிரியராக மட்டும் அளப்போர், அவர் ஒரு சமூகத்தின் எரிந்துபோன பொருட்பட்டியலையும் எழுதிக்கொண்டிருந்தார் என்பதை மறந்துவிடுகின்றனர்.

டொமினிக் ஜீவாவிடத்தே பொருள் இழிவின் சின்னமாக மட்டுமன்றி, மீட்கப்பட்ட மதிப்பின் சின்னமாகவும் வருகின்றது. அவரது முதற் சிறுகதைத் தொகுதி 'தண்ணீரும் கண்ணீரும்' 1960இல் வெளிவந்து சாகித்திய மண்டலப் பரிசினைப் பெற்றது. பரிசு பெற்ற எழுத்தாளர் யாழ்ப்பாண நகரில் சவரத் தொழிலாளியாகவே இருந்தார். 1966 ஆகஸ்டில் அவர் தொடங்கி 2012 வரை நடத்திய 'மல்லிகை'க்குத் தொடக்கத்தில் அந்தச் சலூனே காரியாலயம். கத்தரிக்கோலும் சீப்பும் முகம்பார்க்கும் கண்ணாடியும் இருந்த இடத்திலேயே கையெழுத்துப் பிரதிகளும் இருந்தன. தொழிற்கருவியை ஒளித்துவைத்து எழுத்தாளராகும் வழி அவருக்குத் திறந்திருந்தது. பலர் அவ்வழியே சென்றனர். அவரோ கருவியைப் பெயரோடு சேர்த்தே அணிந்தார். இழிவுக்குரியதெனப் பிறர் தீர்ப்பளித்த பொருளுக்குத் தம் சொந்த அர்த்தத்தை வழங்கும் இச்செயல் தனிமனித வீம்பாகத் தோன்றக்கூடும். ஓர் இயக்கத்தின் பின்னணி இன்றி அவ்வீம்பு நிலைத்திருக்காது என்பதே எமது துணிபு.

அவ்வியக்கம் பொருள்களைச் சுற்றியே நடந்தது. 1930ஆம் ஆண்டையொட்டிப் பாடசாலைகளிற் சமஆசனம் புகுத்தப்பட்டபோது பிணக்கு ஒரு வாங்கினைப் பற்றியது. அதன்பொருட்டுப் பாடசாலைக் கட்டடங்கள் சில எரியூட்டப்பட்டன. 1957இன் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் பொது இடங்களில் தீண்டாமையைக் குற்றமாக்கியது. சட்டம் ஏட்டில் இருக்க, கடையில் போத்தல் இருந்தது. 1966 ஒக்டோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், 1967இல் உருவான தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கமும், சங்கானை, சாவகச்சேரி, நெல்லியடி ஆகிய இடங்களின் தேநீர்க் கடைப் பிரவேசங்களும், 1968இன் மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டமும் யாவரும் அறிந்தவை. இவற்றுள் தேநீர்க் கடைப் போராட்டத்தின் இலக்கு வியப்பூட்டுமளவு சிறியது: ஒரு கண்ணாடிக் கிளாஸ்.

அக்கிளாஸ் ஆலையிற் செய்யப்பட்டது. அதற்கு மூக்கு இல்லை. உதடு பட்டே குடிக்கவேண்டும். எண்ணற்றவற்றுள் ஒன்று, ஒன்றற்கொன்று வேறுபாடற்றது, காசு கொடுத்தவன் எவனும் குடிக்கலாம். முதலாளித்துவ உற்பத்தி பழைய தராதரங்களைத் தானாகவே கரைத்துவிடும் என எதிர்பார்த்தவர்கள் இக்கிளாஸைப் போன்ற பொருள்களையே மனதிற் கொண்டிருந்தனர். நடந்ததோ வேறு. வேறுபாடற்ற கிளாஸ்களின் அருகே பேணியும் போத்தலும் வைக்கப்பட்டன. காசு ஒன்றாகவே இருந்தது, பாத்திரம் இரண்டாயிற்று. பொருளாதார மாற்றம் கதவைத் திறக்கலாம். உள்ளே செல்ல உதைவாங்கிய உடல்கள் வேண்டியிருந்தன. அக்கிளாஸில் அருந்தப்பட்ட முதல் தேநீர் எத்தகைய சுவையாக இருந்திருக்கும் என்பதை எமது புனைகதை இன்னமும் முழுமையாக எழுதவில்லை.

மலையகத்தில் இதே சிக்கலின் மறுபுறத்தைக் காணலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவிலிருந்து தோட்டங்களுக்குத் திரட்டப்பட்ட தொழிலாளருக்குத் தகர டிக்கட் வழங்கப்பட்டது. தோட்டத்தைக் குறிக்கும் பதிவும் ஆளைக் குறிக்கும் இலக்கமும் பொறித்த தகடு அது. பயணச் செலவு எக்கணக்கிற் சேரவேண்டும் என்பதை அது சொல்லும், அணிந்தவரின் பெயரைச் சொல்லாது. கடனைச் சுமந்து தோட்டத்திலிருந்து தோட்டத்திற்குச் சென்ற 'துண்டு' 1921இல் ஒழிக்கப்பட்டது. யாழ்ப்பாணத்துச் சிரட்டை எழுதப்படவேயில்லை. மலையகத்துத் தகடு அளவுக்கதிகமாக எழுதப்பட்டது. இரண்டிலும் மனிதனின் பெயர் இல்லை. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களில் கங்காணியும் கொழுந்தும் கூடையும் கண்ணீரோடும் கேலியோடும் வரும்போதுதான், இலக்கமிடப்பட்டவர்கள் தம் வாயாற் பேசுகின்றனர்.

முற்போக்கு எழுத்தின் குறையொன்றையும் இங்கே சுட்டாதுவிடின் இக்கட்டுரை நேர்மையற்றதாகும். பொருளை அதிகாரத்தின் சின்னமாகக் காண்பதில் அவ்வெழுத்து வென்றது. பொருளோடு பழகும் உழைப்பைக் காண்பதிற் பலவிடங்களில் தவறியது. மூக்குப்பேணியைத் துலக்கியது யார்? புளியும் சாம்பலும் கரைந்த விரல்கள் யாருடையவை? அடுக்களைப் பெண்ணின் கண்ணில் அப்பாத்திரம் கௌரவமுமன்று, கொடுமையுமன்று. நாள்தோறும் தீராத ஒரு வேலை. கடைக்குள் நுழைந்த ஆணின் கிளாஸ் வரலாறாயிற்று. கிணற்றடியில் வெறுங்குடத்தோடு நின்ற பெண்ணின் காத்திருப்பு, கதைகளிற் பெரும்பாலும் பின்புலமாகவே நின்றுவிட்டது.

இவ்வினாக்கள் எமக்கு நூல்களிலிருந்து மட்டும் பிறந்தவையல்ல. எமது தாய்வழி வீட்டிலும் மூக்குப்பேணி ஒன்று இருந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்த இரவுக்கு முந்திய நாள்களில், அம்மம்மா பித்தளைச் சாமான்களைச் சாக்கிற் கட்டிப் பின்வளவிற் புதைப்பித்தார். அடுத்த ஆண்டு திரும்பியபோது வீட்டின் கூரை இருக்கவில்லை, சாக்கு இருந்தது. அந்தப் பேணி இன்று கனடாவில் உறவினர் ஒருவரின் கண்ணாடி அலுமாரியில் இருக்கிறது. குடும்பத்தில் எந்தக் கூடலிலும் அக்கதை சொல்லப்படும்: மழை, செல் சத்தம், கிடங்கின் ஆழம், அடையாளத்துக்கு நட்ட பூவரசங் கதியால், மீண்டும் தோண்டியபோது பச்சை படர்ந்திருந்த பித்தளை. சிறுவயதிலிருந்து நாம் அதனைக் கேட்டு வளர்ந்தோம். கதை கேட்கும்தோறும் அப்பேணி எமக்கு உயிருள்ளதாயிற்று என்பதையும் மறைக்கவேண்டியதில்லை.

கிடங்கு வெட்டியவர் அக்கதையில் 'வளவுக்கை வாறவன்' என ஒரு தடவை மட்டுமே வருவார். ஆய்வுக்கென ஊரூராகச் சென்று முதியோரிடம் குறிப்பெடுத்துத் திரிந்த காலத்தில், ஒருநாள் அம்மம்மாவிடமும் கேட்டோம்: அன்று முழுதும் மழையில் நின்று வெட்டிய அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தீர்களா?

"குடுக்காமல் விடுவனே பிள்ளை. மூண்டு தரம் குடுத்தனான்."

எதிற் கொடுத்தீர்கள் என்றோம். அம்மம்மா சற்றே எம்மைப் பார்த்தார். கேள்வி விளங்காதவர்போல அல்ல.

"அவனுக்கு வேறை பேணி இருந்தது, குசினிக்குப் பின்னாலை. தகரப் பேணி."

அந்தப் பேணிக்கு என்ன நடந்தது?

"என்ன பிள்ளை கதைக்கிறாய்? அதை ஆர் தாட்டு வைப்பினம்?"